குடிநீர் அமைப்புகளை ஒரே ஆணையமாக்கலாமா? நான்கு வழிகள், ஓர் ஒப்பீடு

செம்பரம்பாக்கம் ஏரியின் கரையும் மதகும் நீர்வளத் துறையின் பொறுப்பு. அங்கே நாளொன்றுக்கு 53 கோடி லிட்டர் சுத்திகரிக்கக்கூடிய நிலையம் சென்னைக் குடிநீர் வாரியத்துடையது. சென்னை மாநகராட்சி எல்லைக்குள் அதே வாரியமே தெருத்தெருவாகத் தண்ணீரைக் கொண்டு சேர்க்கிறது. எல்லையைத் தாண்டித் தாம்பரத்துக்கோ ஆவடிக்கோ போனால் தெருக்குழாய் அந்தந்த மாநகராட்சிக்குச் சொந்தம். மாநிலத்தின் பிற பகுதிகளில் பெரிய திட்டங்களைத் தீட்டிக் கட்டுவது தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம். வீட்டை விட்டு வெளியேறும் நீரும் இப்படித்தான் பிரிந்து கிடக்கிறது. சென்னையில் மழைநீர் வடிகால் மாநகராட்சிக்கு, கழிவுநீர்க் குழாய் வாரியத்துக்கு, இரண்டும் போய்ச் சேரும் அடையாறும் கூவமும் நீர்வளத் துறைக்கு.

கழிவுநீர் மழைநீர் வடிகாலில் கலந்து ஓடும் ஒரு தெருவில் புகார் கொடுக்கப் போனவர்களுக்கு இந்தப் பிரிவினை மனப்பாடம். மாநகராட்சி அலுவலகம் வாரியத்தின் பணிமனையைக் காட்டும், பணிமனை மாநகராட்சியைக் காட்டும். அதனால்தான் குடியிருப்போர் நலச் சங்கக் கூட்டங்களில் ‘எல்லாவற்றையும் ஒரே ஆணையத்தின் கீழ் கொண்டுவந்துவிட வேண்டியதுதானே’ என்ற குரல் திரும்பத் திரும்ப எழுகிறது. ‘இருப்பதையும் பிடுங்கிக்கொண்டு கோட்டையில் வைத்துக்கொள்வார்கள்’ என்று உள்ளாட்சிப் பிரதிநிதிகள் பதில் சொல்கிறார்கள். இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீராதாரத்தையும் பிரதானக் குழாயையும் ஒன்றாக்க வேண்டும். தெருக்குழாயை ஒன்றாக்கக் கூடாது. சென்னைப் பெருநகரம் மட்டும் இதற்கு விதிவிலக்கு. கட்டணத்தையும் தரத்தையும் கண்காணிக்கும் அமைப்பு, எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும், தண்ணீர் கொடுப்பவரிடமிருந்து தனியாக இருக்க வேண்டும்.

## எதை வைத்து எடைபோடுவது?

முதல் அளவுகோல் வறட்சி. மழை பெய்யும் ஆண்டில் எந்த ஏற்பாடும் ஓடிவிடும். ஏரி வற்றும்போது ஓர் ஊரின் தண்ணீரை இன்னோர் ஊருக்குத் திருப்ப முடிகிறதா, அதை யார் முடிவு செய்கிறார்கள் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, குழாயில் தண்ணீர் வராவிட்டால் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது என்பது. என்னைப் பொறுத்தவரை மற்ற எல்லாவற்றையும்விட இது கனமானது. அரசியல் சட்டத்தின் 73, 74ஆவது திருத்தங்கள் குடிநீரை உள்ளாட்சிகளுக்குரிய பணிகளின் பட்டியலில் (11ஆவது, 12ஆவது அட்டவணைகளில்) சேர்த்ததற்கும் இதுவே காரணம்.

மூன்றாவது பணம். பழைய கடன் யார் தலையில் விழும், பணக்கார ஊர் ஏழை ஊரைத் தாங்குமா, கட்டணத்தை உயர்த்தும் துணிவு யாருக்கு இருக்கும். நான்காவது தொழில்திறன். குளோரின் அளவைப் பார்க்கவும், ஃபுளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டுகிறதா என்று சோதிக்கவும் ஆய்வகமும் வேதியியலாளரும் வேண்டும். சுமார் 12,500 கிராம ஊராட்சிகளில் ஒவ்வொன்றும் அதைத் தனியாக வைத்துக்கொள்ள முடியாது.

ஐந்தாவது அளவுகோலைப் பலரும் விட்டுவிடுகிறார்கள்: தப்பு செய்பவரும் தப்பைப் பிடிப்பவரும் ஒரே ஆளா? இங்கிலாந்தும் வேல்ஸும் 1974இல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நீர் அமைப்புகளை ஒன்றாக்கிப் பத்து வட்டார நீர் ஆணையங்களை அமைத்தன. ஆற்றுப்படுகை முழுவதும் ஒரே நிர்வாகம் என்பது அன்று உலகமே பாராட்டிய சீர்திருத்தம். ஆனால் கழிவுநீர் நிலையத்தை நடத்தி ஆற்றில் விடுவதும் அதே ஆணையம், ஆற்றை மாசுபடுத்துபவர்மேல் வழக்குப் போட வேண்டியதும் அதே ஆணையம். தன்மேல் தானே வழக்குப் போடும் நிர்வாகம் எங்கே இருக்கிறது? 1989இல் தனியார்மயமாக்கியபோது கண்காணிப்பைப் பிரித்துத் தேசிய ஆறுகள் ஆணையம் என்று தனியாக அமைக்க வேண்டியதாயிற்று.

## வழி 1: இப்போதுள்ளபடி தனித்தனியாக

இதன் பலம் எங்கே என்பதை ஒரு மேல்நிலைத் தொட்டியின் அடியில் நின்று பார்த்தால் தெரியும். தூணருகே மூன்று வால்வுகள். எந்த வால்வை எத்தனை சுற்றுத் திறந்தால் மேட்டுத் தெருவின் கடைசி வீட்டுக்குத் தண்ணீர் ஏறும், எதை முதலில் மூடினால் பள்ளத் தெருக்காரர்கள் மோட்டார் வைத்து உறிஞ்சாமல் இருப்பார்கள் என்பதெல்லாம் தொட்டி இயக்குபவரின் கைக்குத் தெரியும். எந்த வரைபடத்திலும் அது இல்லை. தண்ணீர் வராவிட்டால் அவரை டீக்கடையிலேயே பிடித்துக் கேட்கலாம். அவர் பதில் சொல்லாவிட்டால் ஊராட்சித் தலைவர் வீடு பக்கத்துத் தெருவில். மார்ச் 22, உலகத் தண்ணீர் தினத்தன்று கூடும் கிராம சபையில் எல்லோர் முன்னிலையிலும் எழுந்து நின்று கேட்கலாம்.

உள்ளூர் நிர்வாகத்தால் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்கு ஆலந்தூரைச் சொல்ல வேண்டும். 1990களின் பிற்பகுதியில் அந்த நகராட்சி பாதாளச் சாக்கடைத் திட்டத்துக்காக மக்களிடமே முன்பணம் கேட்டது. வீட்டு இணைப்புக்கு 5,000 ரூபாய். அந்தக் காலத்து நடுத்தரக் குடும்பத்துக்கு அது சிறு தொகை இல்லை. நகராட்சித் தலைவரும் நலச் சங்கங்களும் வீடு வீடாகப் போய்ப் பேசினார்கள், மக்கள் கட்டினார்கள், மிச்சத்துக்குக் கடன் கிடைத்தது, திட்டம் நிறைவேறியது. முகம் தெரியாத ஒரு மாநில ஆணையம் கேட்டிருந்தால் அந்தப் பணம் வந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

பலவீனங்களும் அதே அளவுக்குப் பெரியவை. உள்ளூர் என்றாலே நியாயம் என்று ஆகிவிடாது. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் பட்டியலின மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டிருந்தது தெரியவந்தபோது தமிழ்நாடே அதிர்ந்தது. வால்வு யார் கையில் இருக்கிறது, எந்தத் தெருவுக்கு முதலில் திறக்கப்படுகிறது என்பதில் சாதி எப்போதும் ஒளிந்திருக்கிறது. ஊருக்குள்ளேயே தீர்த்துக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டால் பலமற்ற தெரு பலமற்றதாகவே இருக்கும்.

இந்த வழியின் மறைமுகச் செலவு, கட்டாமல் சேர்ந்துகொண்டே போகும் நிலுவைத் தொகை. கூட்டுக் குடிநீர்த் திட்டங்களின் தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரியம் மொத்தமாகக் கொடுக்கிறது. உள்ளாட்சி அதற்குப் பணம் கட்ட வேண்டும். குடிநீர்க் கட்டணத்தை உயர்த்தினால் அடுத்த தேர்தலில் தோற்போம் என்ற பயத்தில் உள்ளாட்சி கட்டணத்தைத் தொடுவதில்லை, நிலுவை ஏறுகிறது. பராமரிப்புக்குப் பணம் போதாமல் குழாய் கசிகிறது. அந்தக் கசிவையும் சேர்த்துத்தான் மக்கள் வரியாகக் கட்டுகிறார்கள்.

## வழி 2: மாநிலம் முழுவதற்கும் ஒரே ஆணையம்

இதற்கு ஆதரவாகச் சொல்லக்கூடிய வலுவான வாதம் தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் இருக்கிறது. நிலத்தடி நீரில் ஃபுளோரைடு கலந்து, குழந்தைகளின் பல்லில் கறையும் பெரியவர்களின் எலும்பில் வலியுமாக வாழ்ந்த ஊர்கள் அங்கே ஏராளம். எந்த ஊராட்சியாலும் காவிரியைத் தன் ஊருக்குக் கொண்டுவந்திருக்க முடியாது. ஜப்பானியக் கடனுதவியுடன் குடிநீர் வடிகால் வாரியம் கட்டிய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் பயன்பாட்டுக்கு வந்தது. ஆந்திரத்துடன் 1983இல் ஒப்பந்தம் போட்டுக் கிருஷ்ணா நீர் ஆண்டுக்கு 12 டி.எம்.சி. கேட்டதும் மாநில அரசால் மட்டுமே முடிந்த காரியம். அந்த நீர் எல்லைக்கு வந்து சேர 1996 ஆனது என்பது வேறு.

ஸ்காட்லாந்து இந்த வழியில் போய் வென்ற நாடு. 1994இல் ஸ்ட்ராத்கிளைட் வட்டாரத்தில் நடந்த வாக்கெடுப்பில் 97 விழுக்காட்டினர் குடிநீரைத் தனியார்மயமாக்குவதை எதிர்த்தார்கள். 1996இல் மூன்று பொது ஆணையங்கள் அமைந்தன. 2002இல் மூன்றும் ஒன்றாகி ‘ஸ்காட்டிஷ் வாட்டர்’ ஆனது. மக்கள் தொகை குறைந்து, மலையும் தீவுமாகச் சிதறிக் கிடந்த வடக்குப் பகுதி தன் செலவைத் தனியாகத் தாங்க முடியாத நிலையில் இருந்தது. ஒன்றாக்கிய பிறகு கிளாஸ்கோவில் இருப்பவருக்கும் தீவில் இருப்பவருக்கும் ஒரே கட்டண விகிதம். ஆனால் அங்கே இரண்டு விஷயங்கள் நம்மிடமிருந்து வேறுபட்டன. மூன்றிலிருந்து ஒன்று என்பது சிறிய தாவல். கட்டணத்தை நிர்ணயிக்கும் ஆணையமும் தனியாக இருந்தது.

பக்கத்தில் கேரளம். அங்கே 1984இல் பொதுச் சுகாதாரப் பொறியியல் துறையே கேரள நீர் ஆணையமாக மாறியது. மாநிலம் முழுவதற்கும் ஒரே அமைப்பு என்பதால் கட்டண முடிவும் ஒரே இடத்தில். 2023 பிப்ரவரியில் லிட்டருக்கு ஒரு பைசா உயர்ந்தபோது மாநிலம் முழுவதும் ஒரே நாளில் கொதித்தது. அப்படியொரு முடிவை எந்த அரசும் அடிக்கடி எடுக்காது, எனவே நட்டம் சேர்ந்துகொண்டே போகும். கிராமங்களுக்காகப் பயனாளிகள் குழுக்களே நடத்தும் ‘ஜலநிதி’ திட்டத்தை அங்கே தனியாகத் தொடங்க வேண்டியதாயிற்று என்பதையும் கவனிக்க வேண்டும். ஒரே ஆணையத்தால் எல்லாச் சிற்றூர்களையும் எட்ட முடிந்திருந்தால் அதற்குத் தேவை வந்திருக்காது.

அயர்லாந்து 2013இல் உள்ளாட்சிகளின் குடிநீர்ப் பணியைத் திரட்டி ஒரே நிறுவனத்திடம் கொடுத்தது. கூடவே அதுவரை தனியாக இல்லாத குடிநீர்க் கட்டணத்தையும் வீடுகளுக்குக் கொண்டுவந்தது. லட்சக்கணக்கில் மக்கள் தெருவில் இறங்கினார்கள். 2016இல் கட்டணம் நிறுத்தப்பட்டது. இணைப்பையும் கட்டண உயர்வையும் ஒரே மூச்சில் செய்தால் மக்கள் கண்ணில் இரண்டும் ஒன்றாகிவிடும்.

மறைமுகச் செலவுகள் இந்த வழியில்தான் மிக அதிகம். ஊராட்சியின் தொகுப்பூதியத் தொட்டி இயக்குபவருக்கும் வாரியத்தின் நிரந்தர ஊழியருக்கும் ஊதியம் வேறு, ஓய்வூதியம் வேறு. ஒரே அமைப்பில் வந்த மறுநாளே சம ஊதியக் கோரிக்கை வரும். அது நியாயமான கோரிக்கை, ஆனால் அதற்குப் பணம் எங்கிருந்து? பணிமூப்பு வழக்குகள் ஆண்டுக்கணக்கில் நடக்கும். உள்ளாட்சிகளின் நிலுவைகள், கடன்கள், பாதியில் நிற்கும் ஒப்பந்தங்கள் எல்லாம் புதிய ஆணையத்தின் கணக்கில் முதல் நாளே ஏறும். தெருவின் அடியில் எந்தக் குழாய் எங்கே போகிறது என்ற பதிவோ பல ஊர்களில் குழாய் பொருத்தும் ஒரு ஃபிட்டரின் நினைவில் மட்டும்தான் இருக்கிறது. அவர் ஓய்வு பெற்றால் அதுவும் போய்விடும்.

நீர்ப்பாசனத்தையும் இதில் சேர்த்துவிட வேண்டும் என்று சிலர் சொல்வதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். வீராணம் ஏரி சோழர் காலத்தில் பாசனத்துக்காக வெட்டப்பட்டது. 2004 முதல் அதிலிருந்து 200 கிலோமீட்டருக்கும் அதிகமான தூரத்தைத் தாண்டிச் சென்னைக்குத் தண்ணீர் வருகிறது. சென்னையின் தாகத்துக்குப் பதில் சொல்ல வேண்டிய அமைப்பே வீராணத்தின் மதகையும் வைத்திருந்தால், பஞ்சக் கோடையில் கடலூர் மாவட்ட விவசாயியின் குரல் எங்கே கேட்கும்? பங்கு கேட்பவர் கையிலேயே பங்கு பிரிக்கும் அதிகாரத்தைக் கொடுக்கக் கூடாது.

## வழி 3: பெருநகர அளவில் ஒன்றாக்குவது

சென்னை 2011இல் இதைப் பாதி செய்து பார்த்தது. 42 உள்ளாட்சிகளைச் சேர்த்து மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. அம்பத்தூர், திருவொற்றியூர், ஆலந்தூர், பெருங்குடி எல்லாம் குடிநீர் வாரியத்தின் பொறுப்புக்கு வந்தன. சேர்ந்த பகுதிகள் பலவற்றுக்குக் குழாயும் பாதாளச் சாக்கடையும் வர மேலும் பத்தாண்டுகளுக்கும் மேல் காத்திருக்க வேண்டியிருந்தது. பழைய மைலாப்பூர் வால்வுக்குப் பழகிய அமைப்புக்குச் சோழிங்கநல்லூரின் புதிய அடுக்குமாடிகள் புதிய பாடம். அரசாணை ஒரே நாளில் ஒன்றாக்கியதைப் பூமிக்கு அடியில் ஒன்றாக்கப் பல்லாயிரம் கோடி ரூபாயும் ஒரு தலைமுறையும் ஆகும்.

இருந்தும் சென்னைக்கு இதுவே சரி என்பேன். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம், தேர்வாய்க்கண்டிகை ஏரிகள், வீராணம் குழாய், மீஞ்சூர், நெம்மேலி கடல்நீர் நிலையங்கள் எல்லாம் ஒரே வலையாகப் பின்னப்பட்டவை. தாம்பரம் மட்டும் தனக்கென்று ஒரு கடல்நீர் நிலையம் கட்டிக்கொள்ள முடியாது. மாநகராட்சி எல்லைக்கோடு ஒரு தெருவின் நடுவே போகிறது என்பதற்காக இந்தப் பக்கம் வாரியத் தண்ணீர், அந்தப் பக்கம் லாரி என்பதை எந்தப் பொறியியலும் நியாயப்படுத்தாது.

இதில் தொடாமல் விட வேண்டிய ஒன்று ஏரியின் வெள்ள நிர்வாகம். 2015 டிசம்பர் தொடக்கத்தில் செம்பரம்பாக்கத்திலிருந்து நொடிக்கு 29,000 கன அடி வரை திறக்கப்பட்டபோது அடையாற்றங்கரை மூழ்கியது. குடிநீர்க்காரருக்கு ஏரி எப்போதும் நிரம்பியிருக்க வேண்டும், வெள்ளத்தைத் தடுப்பவருக்கு ஏரியில் இடம் காலியாக இருக்க வேண்டும். இரண்டு கவலையும் ஒரே தலைக்குள் இருந்தால் நவம்பர் மாதத்தில் எந்தக் கவலை ஜெயிக்கும் என்று சொல்ல முடியாது. இரண்டு அமைப்புகள் முரண்பட்டு, எழுத்தில் காரணம் சொல்லி முடிவெடுப்பது நல்லது.

## வழி 4: நீராதாரம் ஒரு கையில், தெருக்குழாய் உள்ளாட்சியில்

ஆற்றிலிருந்து எடுப்பது, சுத்திகரிப்பது, ஊர் எல்லையில் உள்ள தொட்டிவரை கொண்டுவந்து சேர்ப்பது, தரத்தைச் சோதிப்பது ஆகியவை ஒரே அமைப்பிடம். தொட்டியிலிருந்து வீடு வரை, கட்டணம் வசூலிப்பது உட்பட, உள்ளாட்சியிடம். குடிநீர் வடிகால் வாரியம் ஓரளவு இப்படித்தான் இயங்குகிறது என்பதால் இது புரட்சி இல்லை, இருப்பதை ஒழுங்குபடுத்துவதுதான்.

ஒழுங்குபடுத்த வேண்டியது கைமாறும் இடத்தை. எவ்வளவு தண்ணீர் கொடுக்கப்பட்டது என்பதில் வாரியம் ஒரு கணக்கும் நகராட்சி இன்னொரு கணக்கும் சொன்னால் நிலுவைச் சண்டை தீராது. ஊர் எல்லைத் தொட்டியின் நுழைவாயிலில் இரு தரப்பும் பார்க்கக்கூடிய மீட்டர் ஒன்று, அங்கேயே குளோரின் அளவு லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்ற பதிவு ஒன்று. இவை இரண்டும் இருந்தால் தண்ணீர் குறைந்ததற்கும் கெட்டதற்கும் யார் பொறுப்பு என்பது அன்றே தெரிந்துவிடும்.

வறட்சியில் இந்த முறை தாக்குப்பிடிக்குமா? 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வற்றி, நாள் வழங்கல் ஏறத்தாழ 52 கோடி லிட்டராகச் சுருங்கியபோது ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. 50 வேகன்கள், ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர். அது குடிநீர் வடிகால் வாரியத்தின் காவிரித் திட்டத் தண்ணீர், சென்னை வாரியத்துக்குக் கொடுக்கப்பட்டது. அமைப்புகள் இரண்டாக இருந்தும் அரசு நினைத்தபோது தண்ணீர் கைமாறியது. ஆனால் ஏரி வற்றிய பிறகு அவசரமாகப் போட்ட ஏற்பாடு அது. எந்த மட்டத்துக்கு ஏரி இறங்கினால் யார் யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்பதை முன்கூட்டியே எழுதிவைத்திருந்தால் ஜூலை வரை காத்திருக்க வேண்டியதில்லை.

இதன் மறைமுகச் செலவு பழியைத் தள்ளிவிடும் வாய்ப்பு. மேலிருந்து வரவில்லை என்று நகராட்சியும், நாங்கள் கொடுத்துவிட்டோம் என்று வாரியமும் சொல்லிக்கொண்டே இருக்கலாம். அந்த மீட்டர் இல்லாவிட்டால் இந்த வழி முதல் வழியைவிட மேலானதாக இருக்காது.

## சுருக்கமாக ஓர் அட்டவணை

| அளவுகோல் | தனித்தனி | ஒரே மாநில ஆணையம் | பெருநகர ஆணையம் | நீராதாரம் மட்டும் ஒன்று |
|---|---|---|---|---|
| வறட்சிப் பங்கீடு | பலவீனம் | பலம் | நகருக்குள் பலம் | முன் ஒப்பந்தம் இருந்தால் பலம் |
| பொறுப்பு கேட்பது | மிக எளிது | மிகக் கடினம் | வார்டு அளவில் வழி செய்தால் முடியும் | எளிது, மீட்டர் இருந்தால் |
| பணம் | நிலுவை பெருகும் | கடன் எல்லாம் ஒரே தலையில் | குழாய் போடும் செலவு மிகப் பெரிது | நடுத்தரம் |
| தொழில்திறன் | சிற்றூரில் இல்லை | பலம் | பலம் | பலம் |
| தனிக் கண்காணிப்பு | இல்லை | இல்லாவிட்டால் ஆபத்து | தேவை | தேவை |

## எந்த ஊருக்கு எது?

நல்ல கிணறும் ஏரியும் உள்ள, ஒழுங்காகக் கணக்கு வைக்கும் ஊராட்சிக்கு முதல் வழியே போதும். அதைக் கலைக்க வேண்டாம், மாவட்ட ஆய்வகத்தில் நீர் மாதிரியைத் தவறாமல் சோதித்துக் கொடுத்தால் போதும். ஃபுளோரைடு, உப்பு, வறட்சி ஆகியவற்றில் ஒன்றேனும் உள்ள மாவட்டங்களுக்கு நான்காவது வழி. சென்னையின் விளிம்பில் வளரும் ஊர்களுக்கு மூன்றாவது வழி, ஆனால் இணைக்கும் அரசாணையிலேயே எந்த ஆண்டுக்குள் எந்தப் பகுதிக்குக் குழாய் வரும் என்ற அட்டவணையும் அதற்கான நிதியும் இருக்க வேண்டும். அது இல்லாத இணைப்பை நலச் சங்கங்கள் ஏற்கக் கூடாது. இரண்டாவது வழி பரப்பளவில் சிறிய, சில அமைப்புகளை மட்டுமே ஒன்றாக்க வேண்டிய நாடுகளுக்குப் பொருந்தும். 25 மாநகராட்சிகளும் ஆயிரக்கணக்கான ஊராட்சிகளும் உள்ள தமிழ்நாட்டுக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கண்காணிப்பு அமைப்பைப் பற்றிக் கடைசியாக ஒன்று. நியூசிலாந்தில் 2016இல் ஹேவ்லாக் நார்த் என்ற சிற்றூரின் குழாய்நீரில் கிருமி கலந்து ஆயிரக்கணக்கானோர் நோயுற்றார்கள். அதன் விளைவாக 67 உள்ளாட்சிகளின் நீர்ப்பணியை நான்கே அமைப்புகளாகச் சுருக்கும் திட்டம் வந்தது. எதிர்ப்பு வலுத்து, நான்கு பத்தாகி, ஆட்சி மாறியதும் 2024 பிப்ரவரியில் சட்டமே ரத்தானது. ஆனால் அதற்கிடையே அமைத்த தனிக் குடிநீர் ஒழுங்குமுறை அமைப்பு இன்றும் நிற்கிறது. இந்தியாவிலும் மகாராஷ்டிரம் 2005லேயே தனி நீர் ஒழுங்குமுறை ஆணையத்துக்குச் சட்டம் இயற்றியது. தமிழ்நாட்டில் மின்கட்டணத்துக்கு அப்படியோர் ஆணையம் இருக்கிறது, குடிநீருக்கு இல்லை.

இணைப்பு பற்றிய பேச்சு எந்தப் பக்கம் சாய்ந்தாலும், இந்தக் கண்காணிப்பு ஆணையத்துக்கான சட்டத்தையும் கைமாறும் இடங்களுக்கான மீட்டர்களையும் முதலில் கேளுங்கள். உங்கள் வார்டு உறுப்பினரிடம் அடுத்த கூட்டத்தில் கேட்க வேண்டிய கேள்வி இது: நம் ஊர்த் தொட்டிக்குப் போன மாதம் எத்தனை லட்சம் லிட்டர் வந்தது, அதை அளந்தது யார்?